மக்கள் தொகை 1,600, தேசியக் கோப்பை 6: மைதானத்துக்குள் ராணுவம் வந்தும் கலையாத ஒரு கிராமத்து கிளப்பின் கதை

ஒரு நிமிஷம் கற்பனை பண்ணிப் பாருங்க. ராஜபாளையம் டீமுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் டீமுக்கும் மேட்ச். கடைசி அஞ்சு நிமிஷம். ஸ்கோர் சமமா நிக்குது. மைதானத்தைச் சுத்தி ஊரே கூடியிருக்கு. அந்த நேரத்துல சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ராணுவ ஹெலிகாப்டர் இறங்குது. புழுதி கிளம்புது. நடுவர் ஊதின விசில் யாருக்கும் கேட்கலை. பந்து சுவரைத் தாண்டி முகாமுக்குள்ள விழுந்துட்டா, போய் எடுக்கவும் முடியாது.

நம்ம ஊரில் இப்படி நடந்ததில்லை. ஆனால் வட அயர்லாந்தில், கிராஸ்மக்லென் என்ற சின்ன ஊரில், ஒரு தலைமுறைக் காலம் இதுதான் நிலைமை. அந்த மைதானத்தில் ஆடிய கிராமத்து கிளப்தான் பிறகு அயர்லாந்தின் கிளப் சாம்பியன் பட்டத்தை 6 முறை வென்றது. அந்த ஊரின் மக்கள் தொகை சுமார் 1,600. ராஜபாளையத்தில் சில வார்டுகளில் இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

கேலிக் கால்பந்து என்றால் என்ன, சம்பளமே இல்லாத ஒரு கிராமத்து கிளப் எப்படி 130 வருஷத்துக்கும் மேல் நிலைத்து நிற்கிறது, இதில் நம்ம ஊர் டீம்களுக்கு என்ன இருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக:

• கிளப் பெயர்: கிராஸ்மக்லென் ரேஞ்சர்ஸ். தொடங்கிய ஆண்டு: 1887
• விளையாட்டு: கேலிக் கால்பந்து. கையாலும் ஆடலாம், காலாலும் ஆடலாம்
• 1970களில் கிளப் மைதானத்தின் ஒரு பகுதியை பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கொண்டது
• 1997 முதல் 2012 வரை 6 முறை அகில அயர்லாந்து கிளப் சாம்பியன்
• வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது. வெளியூர் ஆளை விலைக்கு வாங்கவும் முடியாது

கிராஸ்மக்லென் எங்கே இருக்கிறது?

அயர்லாந்து தீவு இரண்டு பகுதிகளாக இருக்கிறது. தெற்கே அயர்லாந்து குடியரசு. வடகிழக்கில் வட அயர்லாந்து. இது பிரிட்டனின் பகுதி. 1921இல் தீவு இப்படிப் பிரிக்கப்பட்டது.

வட அயர்லாந்தில் ஆர்மா என்று ஒரு கவுண்டி. நம்ம கணக்கில் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். அதன் தென்கோடியில், குடியரசின் எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பதுதான் கிராஸ்மக்லென். சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள், கல் வேலிகள், குறுகிய சாலைகள். நடுவில் பெரிய சந்தைத் திடல். ஊரின் இன்னொரு அடையாளம் கறுப்பும் மஞ்சளும் கலந்த சட்டை. அதுதான் கிளப்பின் நிறம்.

கேலிக் கால்பந்து: கையா, காலா?

ரெண்டும்தான். கால்பந்து, கூடைப்பந்து, ரக்பி மூணையும் சேர்த்துக் கலக்கின மாதிரி இருக்கும். அடிப்படை விதிகள் இவை:

• ஒரு அணிக்கு 15 பேர்
• மைதானம் 130 முதல் 145 மீட்டர் நீளம், 80 முதல் 90 மீட்டர் அகலம். நம்ம பார்க்கும் கால்பந்து மைதானத்தைவிடப் பெரியது
• பந்து உருண்டைதான். கால்பந்தைவிடக் கொஞ்சம் சிறியது
• பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு 4 அடி மட்டும்தான் ஓடலாம். அதுக்கு மேல் ஓடணும்னா பந்தைத் தரையில் ஒருமுறை தட்டணும். இல்லைன்னா கால் விரலால் தட்டித் திரும்பக் கைக்கு எடுக்கணும். இதை 'சோலோ' என்கிறார்கள்
• அடுத்தடுத்து ரெண்டு முறை தரையில் தட்டக் கூடாது
• தரையில் கிடக்கும் பந்தை நேரடியாகக் கையால் எடுக்கக் கூடாது. காலால் கிளப்பித்தான் எடுக்கணும்
• கையால் பாஸ் கொடுக்கும்போது வீசக் கூடாது. முஷ்டியாலோ உள்ளங்கையாலோ அடிக்கணும்

கிளப் போட்டிகள் 60 நிமிடம். கவுண்டிகளுக்கு இடையிலான சீனியர் போட்டிகள் 70 நிமிடம்.

ஸ்கோரை எப்படிப் படிக்கணும்?

இங்கதான் புதுசாப் பார்க்கிறவங்க குழம்புவாங்க. கோல் கம்பம் ஆங்கில 'எச்' எழுத்து வடிவில் இருக்கும். குறுக்குக் கம்பிக்கு மேலே, இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்து போனால் 1 புள்ளி. கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் அது கோல். அதுக்கு 3 புள்ளி. 2025இல் வந்த புதிய விதிப்படி, 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து மேலே அடித்தால் 2 புள்ளி.

ஸ்கோரை கோல் முதலில், புள்ளி பிறகு என்று எழுதுவார்கள். உதாரணத்துக்கு 1-12 என்றால் 1 கோலும் 12 புள்ளியும். மொத்தம் 15. எதிரணி 0-14 என்றால் மொத்தம் 14. முதல் அணி ஒரே புள்ளியில் வெற்றி. இந்த 1-12, 0-14 ரெண்டையும் ஞாபகத்தில் வச்சுக்கோங்க. கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும்.

விளையாட்டு எப்படி ஊர் ஊராகப் பரவியது?

1884 நவம்பர் 1. டிப்பரரி கவுண்டியில் தர்ல்ஸ் என்ற ஊரில், ஹேய்ஸ் என்பவரின் ஓட்டலில் ஒரு சின்னக் கூட்டம். பள்ளி ஆசிரியரான மைக்கேல் குசாக், தடகள வீரரான மாரிஸ் டேவின் உள்ளிட்ட சிலர் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதுதான் கேலிக் தடகளச் சங்கம். சுருக்கமாக ஜி.ஏ.ஏ.

அப்போது அயர்லாந்து முழுவதும் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. கிரிக்கெட்டும் ரக்பியும் ஆள்பவர்களின் விளையாட்டாகப் பார்க்கப்பட்டன. நம்ம விளையாட்டை நாமே காப்பாத்தணும், அதுக்கு எழுதப்பட்ட விதி வேணும், அமைப்பு வேணும் என்பதுதான் இவர்களின் எண்ணம். அடுத்த ஆண்டே கேலிக் கால்பந்துக்கு விதிகள் எழுதப்பட்டன.

ஜி.ஏ.ஏ. செய்த முக்கியமான வேலை ஒன்று உண்டு. கிளப்பை எந்த எல்லைக்குள் அமைப்பது என்ற கேள்விக்கு, மக்கள் ஏற்கெனவே தங்களுடையது என்று நினைத்த எல்லையையே எடுத்துக்கொண்டது. அது கத்தோலிக்கத் திருச்சபையின் 'பங்கு'. ஒரு பங்குக் கோயிலுக்கு உட்பட்ட ஊர்கள் சேர்ந்து ஒரு கிளப். பல பங்குகள் சேர்ந்து ஒரு கவுண்டி. மொத்தம் 32 கவுண்டிகள்.

1921இல் நாடு பிரிந்தபோது ஜி.ஏ.ஏ. பிரியவில்லை. எல்லைக்கோட்டுக்கு இரு பக்கமும் ஒரே அமைப்பு, ஒரே சாம்பியன் பட்டம். இன்று 2,200க்கும் மேற்பட்ட கிளப்கள் இதில் இருக்கின்றன.

இந்த அமைப்பு தொடங்கிய மூன்றாவது ஆண்டில், 1887இல், கிராஸ்மக்லென் ரேஞ்சர்ஸ் கிளப் உருவானது.

ஊர் கிளப் என்றால் என்ன அர்த்தம்?

நம்ம ஊரில் பொங்கலுக்கு கபடி டோர்னமென்ட் நடக்கும்போது என்ன செய்வோம்? ஜெயிக்கணும்னா வெளியூரிலிருந்து ரெண்டு நல்ல ரைடரை இறக்குவோம். பனியனில் நம்ம ஊர் பேர் இருக்கும், ஆள் வேற ஊர். பரிசு வாங்கினதும் அவர் பைக்கில் கிளம்பிடுவார்.

கேலிக் கால்பந்தில் இது நடக்காது. நீங்க எந்த ஊரில் வளர்ந்தீங்களோ, அந்த ஊர் கிளப்புக்குத்தான் ஆடணும். குடிபெயர்ந்தால் கிளப் மாறலாம், ஆனால் அதுக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆட்களை வாங்குவதும் விற்பதும் கிடையாது.

அப்போ ஜெயிக்கணும்னா என்ன வழி? ஒரே வழிதான். ஊர்ப் பிள்ளைகளைச் சின்ன வயசிலிருந்து வளர்த்து எடுக்கணும். அதனால் ஒவ்வொரு கிளப்பிலும் வயது வாரியாக அணிகள் இருக்கும். பயிற்சி தருவது பக்கத்து வீட்டு அண்ணன், பள்ளிக்கூட ஆசிரியர், நேற்று வரை ஆடி ஓய்ந்தவர். புல் வெட்டுவது, வாசலில் டிக்கெட் கிழிப்பது, வாராந்திரக் குலுக்கல் சீட்டு விற்றுக் காசு சேர்ப்பது எல்லாமே ஊர்க்காரர்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் இழுக்கிறோமே, அந்த மாதிரி. வடம் பிடிக்க யாரும் கூலி கேட்பதில்லை. பிடிக்காமல் வீட்டில் இருந்தால்தான் மனசு உறுத்தும். என்ன ஒண்ணு, இங்கே வருஷம் முழுக்க வாராவாரம் தேர்.

மைதானத்துக்குள் ராணுவம் வந்தது எப்படி?

1960களின் கடைசியில் வட அயர்லாந்தில் மோதல் வெடித்தது. அயர்லாந்தோடு சேர விரும்பிய கத்தோலிக்கத் தேசியவாதிகள் ஒரு பக்கம், பிரிட்டனோடு இருக்க விரும்பிய புராட்டஸ்டன்ட் பிரிவினர் இன்னொரு பக்கம். 1969இல் பிரிட்டிஷ் ராணுவம் தெருவுக்கு வந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் சுமார் 3,500 பேர் கொல்லப்பட்டார்கள்.

தெற்கு ஆர்மா இந்த மோதலின் மிக ஆபத்தான பகுதிகளில் ஒன்று. ஐ.ஆர்.ஏ. ஆயுதக் குழு இங்கே வலுவாக இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ராணுவ வீரர்கள் இந்தச் சின்னப் பகுதியில் மட்டும் உயிரிழந்தார்கள். பிரிட்டிஷ் அமைச்சர் ஒருவர் இதைக் 'கொள்ளையர் நாடு' என்றே அழைத்தார். சாலைகளில் கண்ணிவெடி வைக்கப்பட்டதால், ராணுவம் ஆட்களையும் சாமான்களையும் ஹெலிகாப்டரில்தான் கொண்டுபோனது.

கிராஸ்மக்லென் காவல் நிலையம் எங்கே இருந்தது தெரியுமா? கிளப்பின் மைதானமான ஆலிவர் பிளங்கெட் பார்க்குக்கு ஒட்டினாற்போல. காவல் நிலையம் கோட்டை மாதிரியான ராணுவ முகாமாக மாறியது. 1970களில் மைதானத்தின் ஒரு பகுதியை ராணுவம் எடுத்துக்கொண்டது. ஹெலிகாப்டர்கள் மைதானத்தை ஒட்டியே இறங்கி ஏறின.

மைதானத்தின் பெயரிலும் ஒரு வரலாறு இருக்கிறது. ஆலிவர் பிளங்கெட் ஆர்மாவின் கத்தோலிக்கப் பேராயர். 1681இல் லண்டனில் தூக்கிலிடப்பட்டவர். 1975இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அப்படி ஒருவர் பெயர் கொண்ட இடத்தில் பிரிட்டிஷ் ராணுவ முகாம் என்பது ஊர்க்காரர்களுக்கு எவ்வளவு உறுத்தியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கிளப் என்ன செய்தது? வேறு இடத்துக்குப் போகவில்லை. மிச்சம் இருந்த இடத்தில் ஆடியது. நிலத்தைத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஜி.ஏ.ஏ. இந்தப் பிரச்சினையை அரசுகளிடம் எடுத்துப் போனது. ஒரு கிராமத்து மைதானத்தின் பெயர் அரசியல் பேச்சுகளிலும் அடிபட ஆரம்பித்தது.

மேட்சுக்குப் போனவர் திரும்பவில்லை

அந்தக் காலத்தில் கேலிக் கால்பந்து ஆடுவதே சந்தேகத்துக்கு உரிய விஷயமாக இருந்தது. விளையாட்டுப் பையோடு போகும் இளைஞர்கள் சோதனைச் சாவடிகளில் நிறுத்தப்பட்டார்கள்.

1988 பிப்ரவரி 21. டைரோன் கவுண்டியின் எல்லையோர ஊரான ஆக்னக்ளாய். ஏடன் மெக்கனெஸ்பி என்ற 23 வயது இளைஞர் தன் ஊர் மைதானத்துக்கு மேட்சுக்காக நடந்து போய்க்கொண்டிருந்தார். சோதனைச் சாவடியிலிருந்து ராணுவ வீரர் ஒருவர் சுட்ட குண்டு பட்டு இறந்தார். 34 ஆண்டுகள் கழித்து, 2022 நவம்பரில், அந்த வீரர் குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் அவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். ஜி.ஏ.ஏ.வில் '21வது விதி' என்று ஒன்று இருந்தது. பிரிட்டிஷ் ராணுவத்திலோ வட அயர்லாந்துக் காவல்துறையிலோ இருப்பவர்கள் உறுப்பினராக முடியாது. புராட்டஸ்டன்ட் மக்கள் பலர் இந்த விதியைக் காட்டித்தான், இது எல்லாருக்குமான விளையாட்டு கிடையாது என்றார்கள். மோதலில் கொல்லப்பட்ட காவலர்களின் குடும்பங்களுக்கு இந்த விதி வலித்தது. கிராஸ்மக்லென் மாதிரி ஊர்களுக்கோ, மைதானத்தில் ராணுவம் உட்கார்ந்திருக்கும்போது விதியை எப்படி எடுப்பது என்ற கேள்வி.

1998 ஏப்ரல் 10 அன்று புனித வெள்ளி ஒப்பந்தம் கையெழுத்தானது. காவல்துறை புதிதாக அமைக்கப்பட்டது. 2001 நவம்பரில் ஜி.ஏ.ஏ. அந்த விதியை நீக்கியது. அப்போதும் வடக்கின் 6 கவுண்டிகளில் டவுன் மட்டும்தான் நீக்கத்தை ஆதரித்தது. காயம் அவ்வளவு சீக்கிரம் ஆறவில்லை என்பதுதான் உண்மை.

ஒப்பந்தத்துக்குப் பிறகு கிளப்பின் நிலம் திரும்பக் கைக்கு வந்தது. தெற்கு ஆர்மாவின் காவல் கோபுரங்கள் ஒவ்வொன்றாக இறக்கப்பட்டன. 2007 ஜூலை 31 அன்று வட அயர்லாந்தில் ராணுவ நடவடிக்கை அதிகாரபூர்வமாக முடிவுக்கு வந்தது.

6 கோப்பை எப்படி வந்தது?

முகாம் இன்னும் அங்கே இருந்த காலத்திலேயே வெற்றி ஆரம்பித்துவிட்டது.

அகில அயர்லாந்து கிளப் சாம்பியன்ஷிப் 1970-71 சீசனில் தொடங்கியது. இதில் ஆட முதலில் உங்க கவுண்டியில் சாம்பியன் ஆகணும். பிறகு உங்க மாகாணத்தில். கிராஸ்மக்லெனுக்கு அது அல்ஸ்டர் மாகாணம். அப்புறம்தான் தேசிய அளவு. இறுதிப் போட்டி பல ஆண்டுகளாக மார்ச் 17, புனித பேட்ரிக் தினத்தில், டப்ளினில் இருக்கும் குரோக் பார்க்கில் நடந்தது. அந்த ஸ்டேடியத்தில் 82,300 பேர் உட்காரலாம். கிராஸ்மக்லென் மாதிரி ஐம்பது ஊரை உள்ளே வைக்கலாம்.

1996இல் ஆர்மா சாம்பியன் ஆனது கிராஸ்மக்லென். அதோடு நிற்கவில்லை. 2008 வரை தொடர்ந்து 13 ஆண்டுகள் ஆர்மா பட்டம் அவர்களிடமே இருந்தது. 2009இல் மட்டும் பியர்ஸ் ஓக் கிளப் பறித்தது. 2010 முதல் 2015 வரை மறுபடியும் கிராஸ்மக்லென். 20 ஆண்டுகளில் 19 பட்டம்.

தேசிய அளவில் வென்ற ஆண்டுகளும், இறுதியில் தோற்கடித்த அணிகளும்:

• 1997: நாக்மோர்
• 1999: பாலினா ஸ்டீஃபனைட்ஸ்
• 2000: டப்ளினின் நா ஃபியனா
• 2007: கெர்ரியின் டாக்டர் குரோக்ஸ் (முதல் போட்டி சமன், மறுபோட்டியில் வெற்றி)
• 2011: செயின்ட் பிரிஜிட்ஸ்
• 2012: காரிகாசல் (இதுவும் மறுபோட்டியில்)

இதில் 1999 வெற்றி ஒரே புள்ளி வித்தியாசம். இவர்களைவிட அதிகமாக வென்ற ஒரே கிளப் கார்க் நகரத்தின் நீமோ ரேஞ்சர்ஸ், 7 முறை. அது பெரிய நகரம், இது சந்தை ஊர் என்பதைக் கவனிக்கணும்.

அப்பா பயிற்சியாளர், பிள்ளைகள் வீரர்கள்

முதல் மூன்று தேசியப் பட்டங்களின்போது பயிற்சியாளர் ஜோ கெர்னன். அவரும் அதே ஊர், அதே கிளப்பின் முன்னாள் வீரர். 1977இல் ஆர்மா கவுண்டி அணிக்காக அகில அயர்லாந்து இறுதிப் போட்டியில் ஆடி, 2 கோல் அடித்தும் டப்ளினிடம் தோற்றவர். பிற்பாடு அவருடைய மகன்களும் கிராஸ்மக்லென் சட்டையில் தேசியப் பட்டம் வென்றார்கள்.

பிறகு கெர்னன் கவுண்டி அணியின் மேலாளர் ஆனார். ஆர்மா அதுவரை அகில அயர்லாந்து சாம்பியன் ஆனதே இல்லை. 1953இல் இறுதியில் தோல்வி, 1977இல் தோல்வி. மூணாவது வாய்ப்பு 2002 செப்டம்பர் 22. எதிரில் இந்த விளையாட்டில் அதிகப் பட்டங்கள் வென்ற கெர்ரி.

முதல் பாதியில் கிராஸ்மக்லென் வீரர் ஓஷின் மெக்கான்வில் பெனால்டியை வீணடித்தார். இடைவேளையில் ஆர்மா பின்தங்கி இருந்தது. ஓய்வறையில் கெர்னன் 1977 தோல்விக்குக் கொடுத்த நினைவுப் பரிசைக் கையில் எடுத்தார். 'இதுதான் தோத்தவனுக்குக் கிடைக்கிறது' என்கிற மாதிரி, அதைச் சுவரில் வீசி உடைத்தார். அயர்லாந்தில் இன்றும் பேசப்படும் காட்சி அது.

இரண்டாம் பாதியில் அதே மெக்கான்வில் கோல் அடித்தார். ஆட்டம் முடிந்தபோது ஸ்கோர்: ஆர்மா 1-12, கெர்ரி 0-14. ஞாபகம் இருக்கா? 15க்கு 14. ஒரே புள்ளி. ஆர்மாவின் முதல் பட்டம்.

வெற்றிக்குப் பின்னால் ஒரு சரிவு

மெக்கான்வில் கதையில் நம்ம ஊர் இளைஞர்கள் கவனிக்க வேண்டிய பகுதி ஒன்று இருக்கிறது. ஊரே கொண்டாடிய அந்த வீரர் சூதாட்டத்துக்கு அடிமையாக இருந்தார். ஜெயித்த நாள்களிலும் கடன் துரத்தியது. பிறகு சிகிச்சை மையத்தில் சேர்ந்து மீண்டார். 2007இல் 'தி கேம்ப்ளர்' என்ற சுயசரிதையில் எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொன்னார். அடிமைத்தனத்திலிருந்து மீள நினைப்பவர்களுக்கு ஆலோசகராகவும் ஆனார்.

ஆன்லைன் ரம்மியில் பணத்தைத் தொலைத்தவர்களின் செய்தியை நாம அடிக்கடி போடுகிறோம். சூதாட்டப் பழக்கம் பலவீனமானவர்களை மட்டும் பிடிப்பதில்லை, பல்லாயிரம் பேர் முன்னால் கோல் அடிக்கிறவரையும் பிடிக்கும் என்பதுக்கு இவரே சாட்சி.

2024: மறுபடியும் ஒரே புள்ளி

2024 ஜூலை 28. குரோக் பார்க். ஆர்மா - கால்வே இறுதிப் போட்டி. ஸ்கோர்: ஆர்மா 1-11, கால்வே 0-13. கணக்குப் போட்டுப் பாருங்க. 14க்கு 13. 22 ஆண்டுக்குப் பிறகு அதே ஒரு கோல், அதே ஒரு புள்ளி வித்தியாசம்.

2002இல் கேப்டனாக இருந்த கீரன் மெக்கீனிதான் இந்த முறை மேலாளர். அணியில் கிராஸ்மக்லென் சகோதரர்கள் ரியன் ஓ நீல், ஓஷின் ஓ நீல் இருந்தார்கள். அந்தப் பழைய வீரர் மெக்கான்வில் இவங்களுக்கு மாமா. ஒரு தலைமுறை போனால் அடுத்தது தயாராக இருக்கிறது. கிளப் என்பதன் வேலையே அதுதான்.

சம்பளம் இல்லாமல் ஏன் ஆடுறாங்க?

கவுண்டி அணியில் ஆடும் நட்சத்திர வீரருக்கும் சம்பளம் கிடையாது. பயணச் செலவு மாதிரி படிகள் மட்டும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பல்லாயிரம் பேர் முன்னால் ஆடியவர், திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பார். இல்லைன்னா கட்டட வேலைக்குப் போவார்.

இதில் சிக்கலும் இருக்கிறது. வேலை தேடி டப்ளினுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ இளைஞர்கள் போய்விட்டால், கிராமத்து கிளப்புக்கு 15 பேர் சேர்ப்பதே கஷ்டம். ஆள் இல்லாமல் பக்கத்து ஊர் கிளப்களோடு இணைந்து வயது வாரி அணிகளை நடத்தும் கிராமங்கள் அங்கே உண்டு. திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் ஆள் போனபிறகு டீம் கலைந்த ஊர்கள் நம்ம பக்கமும் இருக்கின்றன. வலி ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் இதுபோல் இருக்கிறதா?

ரொம்ப நெருக்கமான உதாரணம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று வரிசையாக மீனவ ஊர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்குக் கோயில். கோயிலைச் சுற்றி ஊர், கடல் மணலில் கால்பந்து.

இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். வரை போனார். அவருடைய சகோதரர் மைக்கேல் ரெஜினும் தொழில்முறை வீரர். 2018-19 ஐ-லீக் பட்டத்தை வென்ற சென்னை சிட்டி அணியில் இந்தக் கரையின் பிள்ளைகள் ஆடினார்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் இதே ஊர்களிலிருந்து எத்தனையோ மீனவர்களைக் கொண்டுபோனது. அதுக்குப் பிறகும் அங்கே பந்து உருண்டது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வருவோம். 2011 கணக்குப்படி ராஜபாளையத்தில் சுமார் 1.3 லட்சம் பேர், ஸ்ரீவில்லிபுத்தூரில் சுமார் 75 ஆயிரம் பேர். ரெண்டுக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டர். ஆள் பலம் இருக்கிறது, மேற்கு மலையைப் பார்த்தபடி கிராமங்கள் இருக்கின்றன, கபடிக்கும் வாலிபாலுக்கும் கிரிக்கெட்டுக்கும் உயிரைக் கொடுக்கும் பசங்க இருக்காங்க.

கிராஸ்மக்லெனிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியவை நான்கு:

1. பெயர் மட்டும் போதாது, பதிவேடும் வேணும். யார் உறுப்பினர், யார் பொருளாளர், எந்த ஆண்டு என்ன ஜெயித்தோம் என்று எழுதி வைத்தால்தான் டீம் கிளப் ஆகும்.

2. பரிசுப் பணத்துக்கு வெளியூர் ஆளை இறக்குவதை விட்டு, 10 வயசுப் பையன்களுக்கும் பொண்ணுகளுக்கும் ஒரு அணி போடணும். பலன் கிடைக்கப் பத்து வருஷம் ஆகும். கிடைத்தால் இருபது வருஷம் நிற்கும்.

3. மைதானம்தான் உயிர். கண்மாய்ப் பொட்டலோ பள்ளிக்கூடத் திடலோ, அது இன்று இருக்கிறதா, நாளைக்கு பிளாட் ஆகிவிடுமா என்பதை ஊர் கவனித்துக்கொண்டே இருக்கணும்.

4. ஊர் என்றால் எல்லாத் தெருவும்தான். ஒரு தெருப் பசங்க மட்டும் ஆடும் டீமுக்கு ஊர் பெயர் வைத்தால் அது ஊர் டீம் ஆகாது. 21வது விதியை எடுக்க ஜி.ஏ.ஏ.வுக்கு எத்தனை காலம் ஆனது என்று பார்த்தோம். நம்ம ஊர் டீம்களில் எழுதாத விதிகள் என்னென்ன இருக்கின்றன என்று நாமும் கேட்டுக்கொள்ளலாம்.

காலவரிசை ஒரு பார்வையில்

• 1884: ஜி.ஏ.ஏ. தொடக்கம்
• 1887: கிராஸ்மக்லென் ரேஞ்சர்ஸ் தொடக்கம்
• 1921: அயர்லாந்து பிரிவினை. ஜி.ஏ.ஏ. பிரியவில்லை
• 1970கள்: மைதானத்தின் ஒரு பகுதி ராணுவத்திடம்
• 1997: முதல் அகில அயர்லாந்து கிளப் பட்டம்
• 1998: புனித வெள்ளி ஒப்பந்தம்
• 2001: 21வது விதி நீக்கம்
• 2002: ஆர்மா கவுண்டிக்கு முதல் பட்டம்
• 2007: ராணுவ நடவடிக்கை முடிவு. அதே ஆண்டு கிளப்புக்கு 4வது பட்டம்
• 2012: 6வது பட்டம்
• 2024: ஆர்மாவுக்கு இரண்டாவது பட்டம்

ராணுவம் போய்விட்டது. ஹெலிகாப்டர் சத்தமும் இல்லை. ஆலிவர் பிளங்கெட் பார்க்கில் இன்றும் கறுப்பு மஞ்சள் சட்டையில் சின்னப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். பந்து வெளியே போனால் இப்போது ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

உங்க ஊரில் பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டு கிளப் இருக்கிறதா? அதை ஆரம்பித்த பெரியவர் இருந்தால், இந்த வாரமே போய் உட்கார்ந்து கேளுங்க. எந்த வருஷம், எந்தத் திடல், முதல் பந்து யார் வாங்கிக் கொடுத்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்க. கிளப் வரலாறு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.